விட முடியாத பாடங்கள்

ஜனக்புரியில் பஸ் ஏறியதிலிருந்து என் முன் ஸீட்டில் இருந்த இரண்டு பள்ளிக்கூடப் பெண்களும் ஒரு ஜெராக்ஸ் தாளின் மேல் குனிந்திருந்தார்கள். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வின் பாடப் பட்டியல் அது. பரீட்சைக்கு நாற்பது நாள்தான் பாக்கியாம். கண்ணாடி போட்டவள் வேண்டாத பாடங்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள்.

"அரே, ஃபிசிக்ஸ்ல ரொட்டேஷனை விட்டுத்தள்ளு. ஒரு வாரத்தைத் தின்னுடும், வர்றது ரெண்டே கேள்வி. அந்த நேரத்துல கால்குலஸை நன்னா முடிச்சுடலாம்."

"நீ அடிச்சுக்கோ. என்னால எதையும் விட முடியாது."

"எல்லாத்தையும் யாருமே படிக்கறதில்லடி. சுமாரான ராங்க் வந்தாலே எங்கயாவது ஸீட் கிடைச்சுடும்."

"எங்கயாவது கிடைச்சா எனக்குக் கிடைக்காத மாதிரிதான்."

கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

ஜன்னலோரத்துப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன்னு அப்பா சொல்லிட்டார். தில்லிக்குள்ளயே கிடைச்சா சேரலாம். இல்லேன்னா வீட்டுப் பக்கத்து காலேஜ்ல பி.எஸ்ஸி. தில்லில ஸீட்டுன்னா ராங்க் ரொம்ப மேல வரணும்."

பென்சில் நின்றது. மோதி பாக் தாண்டியதும் கண்ணாடி போட்டவள் தலையை நிமிர்த்தினாள்.

"உங்க அண்ணா சென்னைல ஹாஸ்டல்லதானே இருக்கான்?"

"ஆமா."

"அவன் ரொட்டேஷன் படிச்சானா?"

"தொடவே இல்ல. அப்பாதான் ஸ்டேஷனுக்குப் போய் அவனை ரயிலேத்திவிட்டார்."