செவ்விளநீர் லாம்பின் வடிவம் யாருக்குச் சொந்தம்?

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தப் பேச்சை நான் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதியதே அதிகப்பிரசங்கித்தனம், அதை ஒலிவாங்கியில் வாசிப்பது அதைவிடப் பெரியது. தாள் நடுங்கினால், மேலே சுற்றும் மின்விசிறியின் காற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கடற்காற்றும் கற்பூர வாசமும் கலந்து வீசும் இக்கொட்டாஞ்சேனை மண்ணிலே, இந்த மண்டபத்தை நிறைத்து ஒழுங்கை வரை வழிந்து நிற்கும் என் உறவுகளே! இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும், எங்கள் நலன்புரிச் சங்கத்தின் தலைவரும் கோயிலின் தர்மகர்த்தாவுமாகிய பெருமதிப்புக்குரிய தியாகராசா ஐயா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! துறைமுகத்து வேலை முடிந்து, உடுப்பு மாற்றவும் நேரமில்லாமல் ஓடிவந்திருக்கும் தந்தையரே! பிள்ளைகளை மடியில் இருத்தியபடி, இவள் பேசுவாளா அழுவாளா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரே! வடைத் தட்டு எப்போது வரும் என்று பின்கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைமாரே! உங்கள் அனைவருக்கும் துஷாந்தினியின் பணிவான வணக்கம்.

பட்டம் பெற்ற பிள்ளைகளைப் பாராட்டும் விழா இது. "கல்வியின்ர சிறப்பைப் பற்றிக் கொஞ்சம் கதை பிள்ளை" என்று தலைவர் ஐயா சொல்லியிருந்தார். கற்றோர் பெருமை, கண்ட கனவு, கடந்த பாதை என்று அழகாகத்தான் தொடங்கினேன். பிறகு கிழித்துப் போட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்தவள் நான். அன்று தொட்டு இந்த ஒழுங்கையில் எல்லாரும் எல்லாவற்றையும் என்னிடமே கேட்கிறார்கள். கரண்ட் பில் ஏன் கூடியது? துஷாந்தினியைக் கேளுங்கள். மாத்திரைப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது? துஷாந்தினியைக் கேளுங்கள். பூனை ஏன் சாப்பிடவில்லை? அதையும் கேட்டார்கள். ஆனால் சில மாதங்களாக ஒரு கேள்வி என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறது. படித்த படிப்பெல்லாம் ஒன்றுகூடி வந்தும் அதற்குப் பதில் வரவில்லை. ஒரு பொருளின் வடிவம் யாருக்குச் சொந்தம்? செய்தவருக்கா? பதிந்தவருக்கா? முதலில் கண்டவருக்கா? பாதி விலைக்கு விற்பவருக்கா?

சுதர்சினி அக்காவைத் தெரியாதவர்கள் இங்கே இருக்கிறார்களா? பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்த தலையோடு போன் திருத்துகிறவர். அதோ, தூணுக்குப் பின்னால் நிற்கிறார். அக்கா, ஒளியாதீங்கோ, உங்களைப் பற்றித்தான்.

மின்வெட்டு மணிக்கணக்காய் நீண்ட அந்த வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மறக்க ஏலுமோ?" என்கிறார் அங்கே ஒரு அம்மா. ஏலாது. இருட்டில் சமைத்தோம், இருட்டில் படித்தோம், இருட்டில் சண்டையும் பிடித்தோம். அந்த இருட்டிலேதான் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. கடை வாசலில் நின்று செவ்விளநீர் குடித்துக்கொண்டிருந்தவர், குடித்து முடித்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இந்தச் சீவின இடத்தில வெளிச்சம் வந்தா எப்பிடி இருக்கும்?" இதுதான் தொடக்கம். மேலே சாய்வாகச் சீவிய வாயில் வெளிச்சம், கீழே வயிற்றில் ரேடியோ, பக்கத்தில் போனுக்குச் சார்ஜ், நிறமும் அதே செம்மஞ்சள். கிராண்ட்பாஸில் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் அச்சு வெட்டினார்கள். வெட்டிய அச்சு சரிவரவில்லை. திரும்ப வெட்டினார்கள். மின்வெட்டு முடிந்தே போனது, அக்கா விடவில்லை. அடுத்த தைப்பொங்கலுக்குச் சற்று முன்னர் முதலாவது லாம்பு அச்சிலிருந்து வெளியே வந்தது.

வந்ததும் அது எங்கே போனது? புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் நாம் எங்கே போகிறோம்? புதுக்கடைச் சாவியை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம்? முதல் சம்பளத்தை யாருடைய காலடியில் வைக்கிறோம்? லாம்பும் கோயிலுக்குத்தான் போனது.

தைப்பொங்கலன்று அபிஷேகத்துக்கு இளநீர் குவித்து வைத்திருந்தார்கள். எல்லாம் கழுவிய ஈரம் காயாத செவ்விளநீர். அவற்றின் நடுவே, பூவுக்குள்ளே, அக்காவின் லாம்பு. தலைவர் ஐயா ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கட பிள்ளை சுதர்சினி செய்த புது லாம்பு, எல்லாரும் வடிவாப் பாருங்கோ!" என்று தூக்கிக் காட்டினார். மணி அடித்தது, நாங்கள் கை தட்டினோம்.

ஓம் ஐயா, நீங்கள்தான் தூக்கிக் காட்டினீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

பிறகு நடந்ததைச் சொன்னால் ஐயர் கோபிப்பாரோ தெரியாது. சிரிக்கிறார், சொல்லலாம். அபிஷேகத்துக்கு ஒவ்வொன்றாக எடுத்து வெட்டிக்கொண்டு வந்தவர், அடுத்ததை எடுத்துக் கத்தியை ஓங்கினார். "ஐயோ ஐயா, வெட்டாதீங்கோ! அதுக்குள்ள பட்டரி!" என்று அக்கா போட்ட சத்தத்தில் மேளக்காரரும் நிறுத்திவிட்டார். இளநீரோடேயே காலம் கழிக்கும் ஐயருக்கே அது இளநீராகத்தான் தெரிந்திருக்கிறது!

சித்திரை பிறந்த பிறகு, யாரோ சொல்லி, அக்கா அந்த வடிவத்தைத் தன் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பித்தார். பதிவும் கிடைத்தது. லாம்பு ஓடியது, முகத்துவாரம் வரை, ஹெந்தளை வரை வீட்டுக்கு வீடு போனது. ஒருநாள் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் முர்ஷித் நானா என்னை மறித்தார். "தங்கச்சி, ஒங்கட அக்காட லாம்பு இங்க கடைக்கடையா வந்தீக்கி. வெலயும் பாதி. அக்கா பெரிய ஆளாகிட்டாவோ?" அக்கா பெரிய ஆளாகவில்லை. அது அக்காவின் லாம்பே இல்லை. ஒரு இறக்குமதி நிறுவனம் சீனாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. பெயர் சொல்ல மாட்டேன். அதே சீவல், அதே வயிறு, அதே செம்மஞ்சள். அக்கா அதை வாங்கிவந்து தன் லாம்புக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தார். அதற்கு அடுத்த கிழமை கடைக்கு வந்த ஒருவர் கேட்டார்: "அக்கா, நீங்க சைனா லாம்பைப் பாத்துத்தானாமே அடிச்சீங்க?"

செய்தவளையே கள்ளி ஆக்கிவிட்டது சந்தை!

அக்கா முறைப்பாடு செய்தார். நிறுவனத்தின் பதில் ஆங்கிலத்தில் வந்தது. படித்த பிள்ளை வேண்டுமே, என்னைக் கூப்பிட்டார்கள். சட்டத்தரணி உமாசுதன் அவர்களைக் காண வெள்ளவத்தைக்கும் நான்தான் கூடப் போனேன். நிறுவனம் சொன்னது இரண்டு விடயம். தங்கள் தொழிற்சாலை தானாகவே வரைந்த வடிவம் இது என்பது ஒன்று. இருக்கலாம், கடலுக்கு அந்தப் பக்கமும் இளநீர் காய்க்கிறது, அங்கேயும் யாரோ ஒருவர் குடித்துவிட்டுக் காயைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. மற்றதுதான் வில்லங்கம். விண்ணப்பிப்பதற்கு முன்பே ஊரறியக் காட்டிய வடிவம் புதிய வடிவமே அல்ல, ஆகவே பதிவை நீக்க வேண்டும் என்கிறார்கள்.

சட்டத்தரணி கேட்டார்: "விண்ணப்பிக்க முதல் இதை ஆராவது கண்டவையோ?"

அக்கா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "என்ன சேர் இப்பிடிக் கேக்கிறீங்கள்? முழு ஊரும் கண்டது! கோயிலில வச்சே கண்டது!"

சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கோயிலில காட்டினது சாமிக்கெல்லோ சேர். சாமிக்குக் காட்டினது சனத்துக்குக் காட்டினதாகுமோ?"

"சாமியால பிரச்சினையில்லை தங்கச்சி. சாமிக்கு முன்னால நிண்ட சனம்தான் பிரச்சினை."

"அப்ப ஒருத்தரும் காணேல்லை எண்டு பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"ஐயோ, இல்லை! உண்மையில கண்டவையோ எண்டுதான் கேக்கிறன்."

அப்போதுதான் அவர் அந்தப் படத்தைக் காட்டினார். நிறுவனம் கொடுத்த சான்று. கோயிலின் முகநூல் பக்கத்திலிருந்து எடுத்தது. தலைகளுக்குப் பின்னாலிருந்து யாரோ எடுத்த படம். கீழே குவியல், மேலே தலைவர் ஐயாவின் கை, கையில் செம்மஞ்சளாய் ஒன்று. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அக்கா பார்த்தார். போனை எடுத்துப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார், படம் கட்டங்கட்டமாய் உடையும் வரை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "துஷா, இது என்ர லாம்போ இல்லாட்டி இளநீரோ எண்டு எனக்கே தெரியேல்லையடி."

இப்போது சொல்லுங்கள், என் உறவுகளே! செய்தவருக்கே தெரியாததை நாங்கள் கண்டோமா? கண்ணால் பார்த்தும் காய் என்று நினைத்திருந்தால், அது கண்டதா, காணாததா? சாமிக்குக் காட்டாமல் ஒன்றைத் தொடங்கக்கூடாது என்று வளர்ந்தோம். பதிவதற்கு முன் ஊருக்குக் காட்டினால் உன்னுடையது ஆகாது என்கிறது சட்டம். எதற்குத் தலையாட்டுவது? இரண்டும் நியாயமாகத்தான் தெரிகிறது எனக்கு. காட்டி மகிழ்வது எங்கள் பழக்கம், காத்து வைப்பது சட்டத்தின் பழக்கம். ஒரு லாம்பு இரண்டுக்கும் நடுவில் நின்று என்னைப் பார்த்து மினுங்குகிறது.

வருகிற வியாழக்கிழமை விசாரணை. அதற்கு எங்கள் சங்கம் ஒரு பஸ் பிடித்திருக்கிறது. "ஓம் பிள்ளை, பஸ் சொல்லியாச்சு! முழுச் சனமும் வந்து, நாங்கள் தைப்பொங்கலுக்கே கண்டனாங்கள் எண்டு சொல்லுவம்!" என்கிறார் தலைவர் ஐயா. கை தட்டுகிறீர்கள்.

தட்டாதீங்கோ. தயவுசெய்து தட்டாதீங்கோ.

அக்கா முதலில் செய்தார் என்பதற்குச் சாட்சி என்று நினைத்து நீங்கள் வருகிறீர்கள். நிறுவனம் கேட்பதும் அதே சாட்சியைத்தான். நீங்கள் ஒவ்வொருவரும் "கண்டேன்" என்று சொல்லச் சொல்ல, அக்காவின் வடிவம் அக்காவின் கையைவிட்டுப் போகும். பஸ் நிறைய அன்பை ஏற்றிக்கொண்டு போய் அவர்களுடைய பக்கத்தில் இறக்கிவிட்டு வரப்போகிறோம்!

பாக்கியலெட்சுமி அம்மா எழும்பி நின்று ஏதோ சொல்கிறார். சொல்லுங்கோ அம்மா. "பொய்யா சொல்லச் சொல்றே? நா நல்லா பாத்தேன் புள்ள. சாமிக்கு முன்னாடி, நீலக் கலர்ல, அழகா இருந்துச்சு!"

அம்மா, அன்று நீலம் இல்லை. நீல லாம்பு ஆடி மாதத்தில்தான் வந்தது. அது உங்கள் வீட்டு மேசையில் இருக்கிற லாம்பு.

சிரிக்காதீர்கள். அம்மாவைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவேண்டாம். நானும் அப்படித்தான். ஐயா லாம்பைத் தூக்கியதைக் கண்டேன் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் கண்டது, எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவின் கொண்டைப் பூவை. லாம்பு எங்கள் வீட்டிலும் இருக்கிறது. தினமும் பார்க்கும் வடிவத்தை எடுத்துக் கோயிலுக்குள் வைத்துவிட்டது என் மனது. கண்டது எது, காதால் கேட்டது எது, கருணையால் கூட்டிக்கொண்டது எது?

இன்னொன்று என்னை நித்திரை கொள்ள விடவில்லை. இதுவரை அக்காவின் மேல் வைத்த அன்பினால் "கண்டோம்" என்றீர்கள். இப்போது நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி அதே அன்பினால் "காணவில்லை" என்பீர்கள். சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு பிழை. சொன்னதால் வேறொரு பிழை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அக்காவிடமே கேட்டேன். "எனக்குக் கள்ளி எண்ட பேர் வேண்டாம் துஷா. அதுக்காகப் பொய்க்காரி எண்ட பேரும் வேண்டாம்" என்றார். பதிவு நிற்குமா, போகுமா, அவருக்கும் தெரியாது. ஆனால் கொட்டாஞ்சேனைச் சனம் விசாரணை அறைக்குள் போய் வெளியே வரும்போது, வென்றாலும் தோற்றாலும், தலை நிமிர்ந்து வரவேண்டும் என்கிறார். அந்த அக்காவுக்காகத்தான் இந்தத் தாளோடு இங்கே நிற்கிறேன். வடிவம் போனால் இன்னொரு வடிவத்தை வரையும் கை அவருடையது! வாய்ச்சொல் போனால், நாங்கள் எல்லாரும் சேர்ந்தாலும் அதைத் திருத்த முடியுமா?

கல்வியின் சிறப்பைப் பேசச் சொல்லி, ஒரு லாம்பின் கதையைப் பொறுமையோடு கேட்டீர்கள். அழைத்த சங்கத்துக்கும், அழாமல் முடிக்கவிட்ட தாய்மாருக்கும், வடையை மறந்திருந்த தம்பிமாருக்கும் என் மனமார்ந்த நன்றி. வணக்கம்.

இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது. தாளின் கடைசியில் எழுதிவிட்டு, வாசிக்கத் துணிவில்லாமல் மடித்து வைத்திருந்தேன்.

தியாகராசா ஐயா, என்னை மன்னிக்க வேண்டும். அந்தப் படத்தில் உள்ள கை உங்களுடையது. அன்று பூக்குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தீர்கள். அது உங்கள் கையில் ஈரமாகவும் பாரமாகவும் இருந்ததா? அல்லது காய்ந்து, இலேசாக இருந்ததா? ஊர் முழுக்கப் பார்க்க நீங்கள் தூக்கிக் காட்டியது அக்காவின் லாம்பையா, இளநீரையா? அக்காவுக்கு எது நல்லது என்று யோசிக்காமல், உங்கள் கைக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். ஞாபகம் இல்லையென்றால், இல்லை என்றே சொல்லுங்கள். வியாழக்கிழமை அங்கே சொல்வதற்கு முன்னர், இங்கே, எங்கள் எல்லாருக்கும் முன்னால், ஒருமுறை சொல்லிப் பாருங்கள் ஐயா.

இந்தாருங்கள், மைக்.