நைட் ஷிப்டுக்கு ஒரே பட்டை

“பன்னெண்டு மணியானா எங்க நைனாவ ரெண்டா வெட்டிப் போட்டுக்கினு இருந்துச்சுடி அந்தக் காலண்டரு!”

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் காலை பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்துத் தோழியிடம் சொன்னாள். மடியில் விரித்த லேப்டாப்பில், அவள் அப்பா வேலை பார்க்கும் கம்பெனியின் ஷிப்டு காலண்டர்.

“இன்னாடி சொல்றே?”

“ஜாவா புரோகிராம்ல ரெடிமேடா வர்ற காலண்டரு, தேதி மாறுற எடத்துல நைட் ஷிப்டை ரெண்டு பெட்டியா வரையும். ரெண்டு டூட்டின்னு நெனச்சு, நைனா லீவு அன்னிக்கும் போய் கம்பெனி கேட்டாண்ட நின்னாரு. அதான் வரையுற புரோகிராமை நானே எழுதினேன். இப்போ ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் ஒரே பட்டை.”

“மேனேஜர் ஒத்துக்கினாரா?”

“இன்னிக்குத்தான் சொல்றேன்னாரு. வாணாம்னுட்டா பழசுதான்.”

நான் மூன்றாவதோடு படிப்பை நிறுத்தியவன். நைட் ஷிப்டு பார்த்தே சொந்தமாக நாலு லேத் மிஷின் போட்டவன். பின் சீட்டிலிருந்து பார்த்த எனக்கே அந்தப் பட்டை புரிந்தது.

அவள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“கண்ணு, உன் காலண்டரை டைம் ஆபீஸ் டிவில போட்டுட்டாங்க! நான் ஒரே பட்டையா கீறேன்!”

“ஆறு மணிக்கே டூட்டி முடிஞ்சுதே, இன்னும் ஊட்டுக்குப் போவலியா நைனா?”

“இரும்மா, ஜெனரல் ஷிப்டுக்காரனுங்களும் வரட்டும். காட்டிட்டுப் போறேன்.”