படகோடு சேர்த்து

மாலை ஆறே முக்கால் மணி. படகுத்துறைக்குப் போகிற சாலை. ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகள், இன்னொரு பக்கம் சேறு. விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன... விளக்குகள் இல்லை. டீசலும் ஊறிப்போன கயிறும் கலந்த வாசனை. அந்தச் சாலையில் ஒரு பெண் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக நடக்கிறாள். படகு வாங்க வருகிறேன் என்று சொன்ன ஆள் அவளுக்கு முன்பே துறைக்குப் போயிருக்க வேண்டும். வேலையிலிருந்து கிளம்ப அவளுக்குத்தான் தாமதமாகிவிட்டது. எதிரே ஒருவர் வேகமாக வந்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார்... நிற்காமல் போய்விட்டார்.

"நீ பாத்தியா?" என்றாள் வக்கீல்.

அவள் வக்கீல் இல்லை, தையல்கடைக்காரி. எதைச் சொன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் அந்தப் பெயர். மின்சாரம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரே மெழுகுவர்த்தி. அதைச் சுற்றி நாங்கள் நான்கு பேர், ஒரே போர்வைக்குள் எட்டுக் கால்கள்.

"நான் பாக்கல. என் தோழியோட அண்ணிக்கு நடந்தது. அண்ணி அவகிட்ட சொன்னாங்க, அவ எங்கிட்ட சொன்னா."

"அப்போ மூணு கை மாறுன சரக்கு."

"படகும் பழைய படகுதான். பேசாம கேளு."

தோழி வழியில் எனக்கும் அவர்கள் அண்ணன், அண்ணி. அண்ணனுக்கு மோட்டார் பழுது பார்க்கிற வேலை. விடுமுறை நாளானால் மீன் பிடிக்கப் போய்விடுவார். வெள்ளை ஃபைபர் படகு, பின்னால் ஒரு எஞ்சின். அண்ணி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் அண்ணன் படகுக்குப் போகிற நாள்தான் அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிடுகிற நாள். அவருக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் ஆறு வயது மகள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொள்வாள். அங்கே சுவரில் அவள் முதுகு பட்டுப் பட்டு ஒரு கறை இருக்கிறது என்று தோழி சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை படகில் போனவர் ராத்திரி திரும்பவில்லை. மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் நடந்தே வந்து சேர்ந்தார். காலில் செருப்பில்லை. சட்டை காய்ந்து விறைத்திருந்தது. வந்து... கதவைத் தட்டினார். அதுவரை அந்தக் கதவை அவர் தட்டியதே கிடையாது. உதைப்பார்.

"எஞ்சின் நின்னுபோச்சு. நீந்தி வந்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார்.

படகைப் பிறகு மீன்காரர்கள் கழிமுகத்தில் கண்டெடுத்து, துறையில் கொண்டுவந்து கட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் சத்தம் போடவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். மகளுக்குத் தலை வாரிவிடக் கற்றுக்கொண்டார். முதலில் மகள் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். சில வாரத்தில் அவர் மடியிலேயே தூங்க ஆரம்பித்தாள். சாவைப் பக்கத்தில் பார்த்தவர்கள் இப்படி மாறுவதுண்டு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அண்ணியும் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவளுக்குள் ஒரு சந்தேகம் உட்கார்ந்துகொண்டது. இந்த மனிதர் ஒருநாள் மறுபடி படகில் ஏறிப் போவார்... பழைய ஆளாகத் திரும்பி வருவார். படகு இருக்கிற வரை இந்த அமைதி இரவல்தான் என்று பட்டது அவளுக்கு.

"வித்துடலாமா?" என்று கேட்டாள்.

"வித்துடும்மா," என்றார். படகுப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் விற்பதற்கு முன் வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டினாள். எஞ்சினில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு உண்டு. ஒரு நுனி சுவிட்சில், மறு நுனி ஓட்டுகிறவர் மணிக்கட்டில். ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், எஞ்சின் அந்த நொடியே நிற்கும். அந்தக் கயிறு செருகாமல் எஞ்சின் கிளம்பாது.

"எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லக்கா," என்றார் மெக்கானிக். "கயிறு பிடுங்கித்தான் நின்னிருக்கு."

"அப்படின்னா?"

"ஆளு விழுந்தா அப்படி நிக்கும்."

"கயிறு எங்க?"

"விழுந்தவங்க கையிலதான் இருக்கும்." சொல்லிவிட்டு அவர் எதற்கோ எஞ்சினைத் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டில் கயிறு எதுவும் இல்லை. நீந்தும்போது கழன்றிருக்கும். அப்படித்தானே இருக்க முடியும்? மெக்கானிக் புதுக் கயிறு ஒன்று வாங்கித் தந்தார். அதை அண்ணி கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் அண்ணன் படகை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது... அதற்காக.

தரகர் வேண்டாம், நாமே விற்றுக்கொள்ளலாம் என்று இணையத்தில் படத்தோடு விளம்பரம் போட்டாள். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. எடுத்ததும் 'ஹலோ'கூட இல்லாமல் "கடைசி விலை என்ன?" என்பார்கள். ஒருவர் படகுக்குப் பதில் ஸ்கூட்டரும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் தருவதாகச் சொன்னார். ஒருவர் படகின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். தண்ணீரில் நிற்கிற படகு! ஒரு குடும்பம் மொத்தமாக வந்து, ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனது.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி," என்றாள் வக்கீல்.

இந்தக் கும்பல் கழிந்து, நிஜமாகவே வாங்குகிற எண்ணத்தோடு வந்த முதல் ஆள்தான் அந்த ஆறே முக்கால் மணிக்காரர். எதிரே வந்து நிற்காமல் போனாரே, அவர்தான். அண்ணி துறைக்குப் போய்ப் பார்த்தால் யாருமே இல்லை. படகு மட்டும் கட்டிய இடத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மற்ற படகுகள் அசையவில்லை. அவருக்கு போன் செய்தாள்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டு விளம்பரம் போட மாட்டீங்களா? உங்க வீட்டுக்காரர் விக்க மாட்டேன்னு அந்தக் கத்து கத்துறாரு."

அண்ணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயால் விற்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய்க் கெடுக்கிறாரா? வீட்டுக்கு ஓடினாள். அண்ணன் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "அப்பா வெளியே போனாரா?" என்றாள். இல்லை என்று மகள் தலையாட்டினாள். மகள் சொன்னால் அண்ணி நம்பிவிடுவாளா? அவர் குளிக்கப் போனதும் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்தாள். சேறு, டீசல், ஏதாவது... எதுவும் இல்லை. நாள் முழுக்கப் போட்டிருந்த சட்டை அது. வியர்வை வாசனைகூட இல்லை.

அடுத்து வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரும் அவளுக்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டு போனில் பேசினார்.

"எஞ்சின் அருமையா இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் ஸ்டார்ட் பண்ணினாரு, கேட்டேன். ஆனா மனுஷன் நம்மகிட்ட பேச்சே இல்ல, மொறச்சுக்கிட்டே இருக்காரு. எனக்கு இந்த வம்பு வேண்டாம்."

அண்ணி கைப்பையைத் திறந்து பார்த்தாள். புதுக் கயிறு சுருண்டபடி உள்ளேயே இருந்தது.

"கயிறு இல்லாம எப்படிங்க ஸ்டார்ட் பண்ணினாரு?"

"அதான் கையில மாட்டியிருந்தாரே. செவப்புக் கயிறு." என்றார் வாத்தியார். "அப்புறம்... ஈரத்தோட உக்காந்திருக்காரும்மா. தண்ணி சொட்டுது. உடம்புக்கு ஏதாவது வந்துடப்போகுது, சொல்லுங்க."

போர்வைக்குள் யாரோ காலை இழுத்துக்கொண்டார்கள்.

"அவரும் ஒரு கயிறு வாங்கியிருப்பாரு," என்றாள் வக்கீல். ஆனால் குரலில் வழக்கமான வேகம் இல்லை.

அண்ணியும் அதைத்தான் நினைத்தாள். அதனால் மூன்றாவது ஆளுக்கு ஒரு ஏற்பாடு செய்தாள். அவர் வெகு தொலைவில் ஓர் ஏரியில் படகுகளை வாடகைக்கு விடுகிறவர். வாயாடி. ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் அவரைத் தனியாகத் துறைக்குப் போகச் சொல்லிவிட்டு, அண்ணி வீட்டிலேயே இருந்தாள். வாசல் கதவைத் தாழ்போட்டு, அதை ஒட்டியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எதிரே அண்ணன் தரையில் உட்கார்ந்து மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். பின்னலின் ஒவ்வொரு முறுக்கையும் அண்ணி பார்த்தாள். இமைக்கக்கூடப் பயந்தாள்.

போன் அடித்தது.

"பாத்துட்டேம்மா. படகு நல்ல படகு. உங்க வீட்டுக்காரர்தான் எறங்க மாட்டேங்குறாரு. இதோ பக்கத்துலதான் இருக்காரு... குடுக்கட்டுமா?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் போனில் தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரு போன்ல? அவளா?"

மூன்றே வார்த்தை. அண்ணியின் தோள் தானாகவே காதுவரை ஏறியது. அடி விழுவதற்கு முன் ஏறுமே, அப்படி. பல மாதமாக அந்த உடம்புக்கு அது தேவைப்படவில்லை. மனசு எத்தனையோ சமாதானம் சொல்லும்... உடம்பு ஏமாறாது. யாருடைய குரல் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

எதிரே அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பின்னல் கையிலேயே இருந்தது. மகள் அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு கதைப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ... குடுக்கவாம்மா?"

"வேண்டாம்," என்றாள் அண்ணி. "நீங்க கேட்ட விலைக்கே குடுத்துடறேன். இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடணும்."

"வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லாத படகு. நான் கேட்டதுல இன்னும் கொஞ்சம் கொறைச்சுக்கலாமே?"

"கொறைச்சுக்குங்க."

ஏரிக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "படகுல வேற ஏதாவது பிரச்சனை இருக்காம்மா?"

"எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல," என்றாள் அண்ணி. அது உண்மைதான்.

மதியம் காகிதத்தில் கையெழுத்துப் போட ஏரிக்காரரே வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது அண்ணன். அவரைப் பார்த்ததும் "அட, அதுக்குள்ள துணி மாத்திட்டு வந்துட்டீங்களா!" என்று சிரித்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். வண்டியில் ஏற்றிய படகு தெருமுனையைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. இரும்புச் சங்கிலி கிணுகிணுவென்று... பிறகு அதுவும் இல்லை. அண்ணி அப்போதுதான் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்போ வீட்டுல இருக்கிறது யாருடி?" என்றாள் வக்கீல்.

"தெரியல."

"அண்ணி கேக்கலையா?"

"கேக்கல."

தோழி ஒருமுறை கேட்டாளாம், எப்படி அண்ணி கேட்காமல் இருக்கீங்க என்று. அவள் கூடப் பிறந்தவர் அல்லவா! அதற்கு அண்ணி, "நீ இங்க வந்து ரெண்டு நாள் தங்கினா எம்பொண்ணு உங்கிட்ட எப்படிச் சிரிக்கறான்னு பாரு," என்றாளாம். தோழி அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை.

படகு போன அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு ஏரிக்காரர் மறுபடி போன் செய்தார். இப்போது வாயாடித்தனம் இல்லை. மூச்சு வாங்கியது.

"அம்மா... படகை எங்க கொட்டகையில எறக்கிட்டோம். தார்ப்பாயைப் பிரிச்சா உள்ளே உங்க வீட்டுக்காரர் உக்காந்திருக்காரு. எப்ப ஏறினாருன்னே தெரியல. எறங்கச் சொன்னா எறங்கல. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றாரு."

"என்ன?"

"'என்னையும் சேத்தா வித்துட்ட?'ன்னு கேக்கச் சொல்றாரு."

சமையலறையில் தட்டுகள் கழுவுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடியது. அண்ணி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "சேத்துதான்."

போனை வைத்தாள். சமையலறையில் குழாய் மூடுகிற சத்தம். தட்டுகள் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டன.

கல்யாணமான புதிதில் அவளுக்கு அண்ணன் ஒரு செல்லப்பெயர் வைத்திருந்தார். அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. தோழியிடம்கூட அண்ணி அதைச் சொன்னதில்லை. கோபக்காலத்தில் அது எப்போதோ மறைந்துபோனது. நடந்து வந்த இவரும் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, இருட்டில், பக்கத்தில் படுத்திருந்தவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

இரண்டு தடவை. முதல் தடவை கொஞ்சம் பிசகி... இரண்டாவது தடவை சரியாக.