இரண்டு தட்டு

கார்புரேட்டருக்கும் இஞ்செக்‌ஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் முதலில் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது இன்ஸ்பெக்டர் ஐயா. ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் நெருப்பைப் பற்றித்தான் கேட்டார்கள். நெருப்பு கடைசியில் வருவது. டீக்கும் நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் சூடாக இருந்தது.

எளிமையாகச் சொல்கிறேன். எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க வேண்டும். கார்புரேட்டரில், எஞ்சின் மூச்சை இழுக்கும்போது அந்த இழுப்பிலேயே பெட்ரோலும் கூடப் போகும். எவ்வளவு போகலாம் என்பதை ஜெட் என்கிற பித்தளைத் துண்டில் இருக்கும் பொடித் துளை தீர்மானிக்கும். வெயில் ஏறினால் ஒரு ஜெட், குளிர்ந்தால் ஒரு ஜெட் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இஞ்செக்‌ஷனில் ஒரு மோட்டார் பெட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் சொன்ன நேரத்தில் சொன்ன அளவு உள்ளே பீய்ச்சும். கார்புரேட்டர் குழாயில் இருப்பது வாயால் ஊதுவதைவிடக் கொஞ்சம் கூடுதலான அழுத்தம். இஞ்செக்‌ஷன் குழாயில் அதைப்போலப் பத்துப் பதினைந்து மடங்கு. இன்னொன்றும் உண்டு. கார்புரேட்டர் வண்டியில் எப்போதும் பெட்ரோல் வாசம் இருக்கும், அதன் சுபாவம் அது. இஞ்செக்‌ஷன் வண்டியில் வாசமே வரக்கூடாது. வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது நாலு சிலிண்டர் பந்தயக் கார். பெரிய எஞ்சின்காரர்கள் அதைத் தையல் மிஷின் என்று கேலி செய்வார்கள். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு விழுந்ததும் நேர்கோட்டில் பறக்கும். திருப்பம் கிடையாது. இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், விடுவதற்குள் முடிந்துவிடும். ஓட்டுகிறவன் என் தங்கையின் கணவன். அவளைக் கட்டுவதற்கு முன்பே எனக்குச் சிநேகிதன், அதனால் வா போ என்றுதான் பேச்சு. எஞ்சின் என் பொறுப்பு. இரண்டு கார்புரேட்டர், நான்கு வாய். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் காட்டி, நான்கின் மூச்சும் ஒன்றுபோல வரும்வரை திருகுவேன்.

கிளம்பும் கோட்டில் வண்டிகளின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்து, முகர்ந்து, பானெட்டை மூடியபின் உள்ளங்கையால் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டுவேன். எல்லாம் சரி, போகலாம் என்று பொருள். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை ஹெல்மெட் கண்ணாடியை இறக்குவான். ஒருமுறை ஏதோ ஞாபகத்தில் தட்டாமலே தள்ளி நின்றுவிட்டேன். பச்சை விழுந்தும் அவன் நகரவில்லை. பக்கத்து வண்டி போய்ச் சேர்ந்தேவிட்டது. ஓடிப்போய்க் கேட்டால், "நீ தட்டல மச்சான், நான் எப்படிப் போவேன்?" என்கிறான். ஒரு பந்தயம் தோற்றதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. சொந்தப் பட்டறை கையை விட்டுப் போயிற்று. பிறகு மனைவியும் போனாள். செத்துப்போகவில்லை, போனாள், அவ்வளவுதான். தங்கை வீட்டின் பின்னால் வண்டி நிற்கும் ஷெட்டுக்கு மேலே எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஜன்னலுக்குக் கீழே நின்று, "அண்ணே, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவாள். ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுளிக்காமல் எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி இருப்பாள்? அந்த வீட்டில் நான் சாப்பிட்ட ஒவ்வொரு பிடிக்கும் பதிலாக என்னிடம் இருந்தது கார்புரேட்டர் வேலை ஒன்றுதான்.

போன பந்தயத்தில் தோற்றுவிட்டு வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் பேச்சு ஆரம்பித்தது.

"கிளம்பும்போது ஒரு திணறல் வருது மச்சான். நீ எவ்வளவு டியூன் பண்ணாலும் அந்த இடத்துல ஒரு திணறல். இஞ்செக்‌ஷன் போட்டா அது போயிடும்."

"ஜெட் மாத்தினா சரியாயிடும்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

சொன்னேன்தான். கார்புரேட்டர் என்றால் பந்தயத் திடலிலேயே ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சரிசெய்துவிடலாம். இஞ்செக்‌ஷனில் ஒரு ஒயர் கழன்றாலும் வண்டி பிணம் என்றேன். அவன் அந்தத் திணறலில்தான் பந்தயமே போகிறது என்றான். இரண்டு பேர் பேசியதிலும் நியாயம் இருந்தது. தங்கைதான் தீர்ப்புச் சொன்னாள்.

"நாலு சிலிண்டருக்கு ரெண்டு பேரும் நாப்பது நியாயம் பேசுறீங்க. உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டுறவர் அவர். அவருக்கு எது தோணுதோ அதையே போடுங்கண்ணே."

சரி என்றேன். தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். கீழே அவர்கள் இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. என்னைப் பற்றியதாக இருக்காது. ஆனாலும் இனிமேல் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன் என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் பார்க்க ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், அதை நான் மறுக்கவில்லை. வந்த அன்றே என்னிடம், "நம்பரை நான் பாத்துக்கறேன் அண்ணே. ஆனா சத்தத்துல என்ன குறைன்னு உங்க காதுக்குத்தான் தெரியும். நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றாள். ஒதுக்கப் போகிறவர்கள் எல்லோரும் இப்படி மரியாதையாகத்தான் தொடங்குவார்கள். வாசனை ஏறும்வரை கறிவேப்பிலை, அப்புறம் இலை ஓரம். மாப்பிள்ளையும் தன் பங்குக்கு, "என்ன சிஸ்டம் வேணா வரட்டும், தட்டு உன்னோடதுதான்" என்று தோளில் கை போட்டான். ஆறுதல் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்ரோல் குழாய் வேலையை என்னிடமே விட்டார்கள். "பைப் வேலைக்கு மச்சானை விட்டா ஆளே இல்ல" என்று அவன் அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னான். அவள் வாங்கி வந்தது வெளியே இரும்புக் கம்பி பின்னிய குழாய். நல்ல சரக்கு. அதைத்தான் போட்டேன். ஒவ்வோர் இணைப்பையும் அவள் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். துணியில் ஈரமில்லை.

பந்தயத்தன்று காலையில் அவள் பேர் பதியப் போயிருந்தாள். மாப்பிள்ளை உடை மாற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் புதுக் குழாயில் ஒரு விரல் நீளத் துண்டை மட்டும் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போட்டிருந்த பழைய ரப்பர் குழாயில் ஒரு துண்டை வெட்டி அங்கே மாட்டினேன். பழைய கிளிப்பையே முறுக்கினேன். அதிகம் முறுக்கவில்லை.

என் கணக்கை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் ஐயா. கிளம்பும் கோட்டில் சொட்டும். அங்கே நிற்கிற அதிகாரி தரையில் ஈரத்தைப் பார்ப்பார், வண்டியைத் திருப்பி அனுப்புவார். எல்லோர் முன்னாலும் இஞ்செக்‌ஷனின் மானம் போகும். ஷெட்டில் என் இரண்டு கார்புரேட்டரையும் கழுவித் துடைத்து, துணி போர்த்தித் தயாராக வைத்திருந்தேன். ஓட்டுகிறவனுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில், மிதியிலிருந்து கார்புரேட்டருக்குக் கம்பி போகும் ஓட்டை ஒன்று உண்டு. புதிய கம்பி வேறு வழியாகப் போனதால் அது சும்மா கிடந்தது. அதை அடைத்துவிடச் சொல்லி அந்தப் பெண் இரண்டு முறை நினைவுபடுத்தினாள். நான் அடைக்கவில்லை. மறுபடி கம்பி விட வேண்டியிருக்குமே என்றுதான்.

எங்கள் எஞ்சினில் பெட்ரோல் உள்ளே போகிற பக்கமும் புகை வெளியே வருகிற பக்கமும் ஒன்று. மேலே பெட்ரோல். ஒரு சாண் கீழே பழுக்கக் காய்ந்த புகைக் குழாய்கள். இதை உங்களுக்கு வேறு யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கோட்டுக்கு வந்தோம். நான் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். அந்த ரப்பர் துண்டு உப்பியிருந்தது. வெளியே வியர்வை மாதிரி ஈரம். தரைக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை, அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பானெட்டை மூடினேன். மாப்பிள்ளை ஜன்னல் வலையை விலக்கி, தலையை நீட்டிக் கத்தினான்.

"மச்சான், பெட்ரோல் வாசம் அடிக்குதே!"

இத்தனை வருஷமும் பெட்ரோல் வாசத்திலேயே ஓட்டிய மூக்கு. வாசத்துக்குப் பயப்பட அதற்குத் தெரியாது. ஒரு சந்தேகம், அதுவும் என்னிடம் கேட்டால் தீர்ந்துபோகிற சந்தேகம். நான் அவன் காதுக்குக் கிட்டே குனிந்தேன்.

"புதுசுல்ல மாப்ளே. அப்படித்தான் இருக்கும்."

அவன் சிரித்தான். "எல்லாம் புதுசு, வாசம் மட்டும் பழசா?" என்றான்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். வண்டியைத் திருப்பினால் அந்தப் பெண் பானெட்டைத் திறப்பாள். பழைய குழாய் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அப்புறம் மானம் போவது இஞ்செக்‌ஷனுக்கு அல்ல, எனக்கு. தங்கை முகம் சுளிப்பாள். அந்த அறை போய்விடும், ஜன்னலுக்குக் கீழே அவள் கூப்பிடும் குரல் போய்விடும், எல்லாம் போய்விடும். இவ்வளவும் என் நெஞ்சுக்குள் ஓடியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை ஐயா. சத்தியமாகத் தெரியவில்லை.

பானெட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவன் சிரித்துக்கொண்டே போனான், ஹெல்மெட் கண்ணாடியை இறக்க மறந்துவிட்டான். திடலின் பாதியைத் தாண்டியபோது குழாய் பிய்த்துக்கொண்டது. பிறகு நடந்ததை அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். காற்று தீயைப் பின்னால் தள்ளியது. அந்த ஓட்டை வழியாக அது உள்ளே வந்தது. வண்டி எரிந்துகொண்டே போய் ஓரச் சுவரில் உரசி நின்றது.

முதலில் ஓடிப்போய் அவனை வெளியே இழுத்தவன் நான்தான். இந்தக் கைக் கட்டு அப்போது வந்தது. பேப்பரிலும் போட்டார்கள். ஆனால் நீங்கள் பந்தய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். பச்சை விழுந்ததும் எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். நான் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். அப்போது தீ பிடித்திருக்கவில்லை. ஆமாம், பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சொட்டும் என்று நினைத்ததெல்லாம் காலையோடு சரி. தட்டும்போது தெரியும்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் தங்கையின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "அழுத்தத்தை நான்தான் கொஞ்சம் கூட்டி வச்சேன் அக்கா. குழாய் தாங்கல. தப்பு என்னோடது." தங்கை அவளைப் பேசாத பேச்சில்லை. பிறகு என்னிடம் வந்து, "நீங்க அன்னிக்குச் சொன்னப்பவே கேட்டிருக்கணும்ணே. கார்புரேட்டரே இருந்திருக்கலாம்" என்றாள். நெஞ்சு நிறையவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பெண் செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரிவது சரியில்லை. அந்த இணைப்பில் அன்றைக்கு அவள் கை படவே இல்லை. அது முழுக்க என் வேலை. அதனால்தான் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே நானாக வந்தேன்.

மாப்பிள்ளைக்கு இனிப் பார்வை வராது என்கிறார்கள். இரண்டு கையும் கட்டுக்குள் இருக்கின்றன. நினைவு வந்ததும் அவன் பேசியது ஒன்றே ஒன்று. "வாசம் வந்துச்சு மச்சான். நான்தான் இறங்கியிருக்கணும்."

அதற்குப் பிறகு அவன் சாப்பிட மறுத்துவிட்டான். நர்ஸ் கொடுத்துப் பார்த்தாள், தங்கை கெஞ்சிப் பார்த்தாள். ஸ்பூன் உதட்டில் பட்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. கண் தெரியாதவனுக்கு எது வருகிறது, சூடா, ஆறினதா என்று எப்படித் தெரியும்? நான் கிட்டே போய்க் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினேன். உடனே வாயைத் திறந்தான் ஐயா. கிண்ணம் காலியாகும்வரை, தட்டத் தட்டத் திறந்தான். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லாட்டி இவர் பட்டினி கிடந்தே செத்துடுவாருண்ணே" என்றாள். அந்த ஷெட் அறையைப் பற்றி இனி எனக்குப் பயமில்லை.

நான் சொன்னதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், இடது கையால் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்து என்னை அனுப்பிவிட்டால் நல்லது. அவனுக்குச் சாப்பாட்டு நேரமாகிறது, என்னைத் தவிர அவன் வேறு யாரையும் நம்ப மாட்டான்.