மூச்சைப் பிடிச்சுக்கோ, கண்மணி

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது கண்மணி என்று பேர் உண்டா? இல்லையா? நல்லது. அப்படியானால் சொல்லலாம். முகுந்த், அந்தச் சிப்ஸ் பையைக் கீழே வையப்பா, சத்தம் காதைக் குடைகிறது. கரண்ட் வர இன்னும் நேரமாகும். எல்லோரும் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காருங்கள்.

இது எங்கள் ருக்மிணியின் ஓரகத்தி ஷ்யாமளாவுக்கு நடந்தது. தொண்ணூற்றாறு, ஜனவரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. நியூ ஜெர்சியில் அந்த மாதத்தில் ஐந்தரை என்றால் கும்மிருட்டு, உங்களுக்கே தெரியும். முந்தின வாரம் கொட்டிய பனி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு நின்றது. மான்மவுத் ஜங்ஷனிலிருந்து ஷ்யாமளா தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். முன்னாலும் பின்னாலும் ஒரு ஹெட்லைட் கிடையாது. டயருக்கடியில் உப்பு நொறுங்கும் சத்தம் மட்டும்... கர்ர்... கர்ர்...

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் வராத நேரமாகப் பார்த்து, ஒரு மியூசியத்துக்காரர்கள் மெஷினைக் கேட்டிருந்தார்கள். எதற்குத் தெரியுமா? எகிப்து மம்மி ஒன்றைப் படம் பிடிக்க. மூவாயிரத்துச் சொச்சம் வருஷம் பழையது. புருஷன் மகாதேவனும் டெக்சாஸில் இர்விங் பிராஜெக்டிலிருந்து வார லீவுக்கு வந்திருந்தான். ஆறு வயது மகளை அவனிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டாள். மகளின் பேர்தான் கண்மணி.

ஸ்கேன் அறைக் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். குங்கிலியம். அதோடு பெட்டியில் ரொம்ப நாள் மடித்து வைத்த துணி. மேஜைமேல் கிடந்ததை ஷ்யாமளா கண்ணால் அளந்தாள். மூன்றரை அடிதான் இருந்தது. குழந்தை.

கூட வந்த புரொபசர் அம்மாள் மரப்பெட்டியைக் காட்டினாள். மேலே வரிசையாகச் சித்திர எழுத்து, நடுவில் பேர் இருந்த இடத்தில் மட்டும் உளியால் சுரண்டிய பள்ளம். இந்தப் பெண் குழந்தையின் அப்பன் கோயிலில் சாமிகளுக்கு ரொட்டிப் படையல் செய்யும் அதிகாரியாம். அப்போது வந்த ராஜாவுக்கோ சூரியனைத் தவிர வேறு சாமியே ஆகாது. கோயில்களை மூடினான். மறைவாகப் படையல் செய்தவர்களின் வீட்டுப் பேர்களை ஒன்றுவிடாமல் செதுக்கி எடுக்கச் சொன்னான். செத்தவர்களுக்கும் பசி உண்டு என்பது அந்த ஜனங்களின் நம்பிக்கை. வழியில் போகிறவர்கள் செத்தவரின் பேரைச் சொல்லி ‘ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர்’ என்று வாயால் சொன்னாலே போதும், வாய் மூச்சிலேயே சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடுமாம். ஆனால் பேர் வேண்டும். பேர் இல்லாவிட்டால் ஒரு பருக்கை சேராது.

ஷ்யாமளாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அமாவாசைக்கு அமாவாசை அவள் அப்பா மாம்பலத்தில் பேரைச் சொல்லித்தானே எள்ளும் தண்ணீரும் விடுகிறார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். திரையில் கால் எலும்பு வந்தது. குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், நான்கு. சோறில்லாமல் வளர்ச்சி நின்று நின்று போனால் விழும் கோடு அது. நான்கு தடவை பட்டினி. அப்புறம் வாய். முன்பல் விழுந்து, அடியில் புதுப் பல் முளைக்கக் காத்திருந்தது. அவள் மகளுக்கும் போன வாரம்தான் அதே பல் விழுந்திருந்தது.

இங்கேதான் அந்தத் தப்பு. நம் ஊர்ப் பெண்கள்தான் செய்யக்கூடிய தப்பு. நாம் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் ‘அம்மா’ என்றுதானே நம்மைச் சொல்லிக்கொள்வோம்? பெற்றிருக்கவே வேண்டாம். மெஷினுக்குள் போகும் பிள்ளைகளிடம் மைக்கில் பேசிப் பேசி அவளுக்குப் பழக்கம் வேறு. விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது.

“பயப்படாதே கண்மணி, அம்மா இங்கதான் இருக்கேன். மூச்சைப் பிடிச்சுக்கோ... முடிஞ்சதும் வீட்டுக்குப் போய் மம்மு சாப்பிடலாம்.”

புரொபசர் அம்மாள் சிரித்தாள். ஷ்யாமளாவும் சிரித்துவிட்டாள். படம் முடிந்தது. அதே பழக்கத்தில், “இப்ப விடு” என்றாள்.

ஸ்பீக்கரில் ஒரு சத்தம். ஹ்ஹா... என்று. சின்ன மார்பிலிருந்து வரும் மூச்சு.

மெஷினின் விசிறி என்று நினைத்துக்கொண்டாள். வேறென்ன நினைப்பாள், பாவம்.

அடுத்த வாரம் மகாதேவன் இர்விங்குக்குப் போய்விட்டான். வீட்டில் தாயும் பிள்ளையும்தான். புதன்கிழமை ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள். பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளியது. “இட்ஸ் லைக் பேப்பர், மாம்.” ஷ்யாமளா வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பு இல்லை, புளிப்பு இல்லை. சாக்குத் துணியை மென்ற மாதிரி இருந்தது. அடுப்பிலிருந்த ரசத்தை ஊற்றிக் குடித்தாள். அது சுள்ளென்று நன்றாகவே இருந்தது. தட்டில் போட்டது மட்டும்தான் அப்படி.

பிப்ரவரியில் கவுன் தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. தோசை, நூடுல்ஸ், பீட்சா, எதைக் கொடுத்தாலும் பேப்பர்தான். டாக்டர் ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றுமில்லை, வீட்டில் சரியாகச் சாப்பிடுகிறாளா என்று ஒரு மாதிரி பார்த்துக் கேட்டார். எக்ஸ்ரேவை ஷ்யாமளாவே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே குறுக்கே கோடுகள். எண்ணினாள். நான்கு. அந்தப் பார்க்கிங் லாட்டில், காருக்குள் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் டீச்சர் கூப்பிட்டனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் கண்மணியை கானி என்றுதான் கூப்பிடுவார்கள். “கானி இங்கே லஞ்சில் தட்டை வழித்துச் சாப்பிடுகிறாள், இன்னொரு தரமும் கேட்கிறாள். வீட்டில் கொடுப்பதில்லையா? இப்படியே எடை குறைந்தால் நான் ரிப்போர்ட் பண்ண வேண்டியிருக்கும்.” புரிகிறதா? அரசாங்கத்து ஆள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

அன்று சாயங்காலம் மகளுக்குப் பிடித்த வெண்டைக்காய் வறுவல் செய்தாள். பிள்ளை சமையலறையிலேயே, அவள் காலடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. ஷ்யாமளா கவனிக்கவில்லை. மாடியைப் பார்த்து, “கண்மணி! சாப்பிட வா!” என்று குரல் கொடுத்தாள்.

மாடியிலிருந்து பதில் வந்தது.

“வரேம்மா...”

தமிழில். அவள் மகள் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் தமிழில் பதில் சொன்னதில்லை.

பிள்ளை கிரேயானைக் கீழே போட்டது. “மாம்... ஐ ஆம் ரைட் ஹியர். ஹூ வாஸ் தட்?”

படியில் காலடி இல்லை. குங்கிலிய வாசனை மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.

பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள், காலில் செருப்பில்லாமல், பனியில். காரை ஸ்டார்ட் பண்ணியபோதுதான் மண்டையில் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் இவள் கானி. அங்கே சாப்பாடு இவளுக்குச் சேருகிறது. வீட்டில் கண்மணி... அந்தப் பேரில் வைக்கிற ஒவ்வொரு தட்டும் வேறு ஒருத்திக்குப் போகிறது. பேர் இல்லாமல் மூவாயிரம் வருஷம் பட்டினி கிடந்தவளுக்கு அவளேதான் பேரும் கொடுத்தாள், வீட்டுக்கும் கூப்பிட்டாள், நான்தான் அம்மா என்றும் சொன்னாள்.

கொடுத்த பேரைத் திரும்ப வாங்க முடியுமா? முடியாது. அதனால் தன் பிள்ளையின் பேரை மாற்றினாள். கோயிலில் அர்ச்சகரை வைத்து, கோர்ட்டில் மனுப் போட்டு. மகாதேவன் கத்தினான், “உனக்கென்ன பைத்தியமா? கிரீன் கார்டு பேப்பரெல்லாம் யார் மாத்தறது?” அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள். “எனக்கு என் குழந்தை வேணும்.” மகள் ஸ்ம்ருதி ஆனாள்.

ஏப்ரலில், பேர் மாற்றி வீடு திரும்பிய முதல் நாள் ராத்திரியே ஸ்ம்ருதி மூன்று தோசை தின்றாள். ஆனால் மாடியில் அழுகை ஆரம்பித்தது. “அம்மா, பசிக்குதும்மா...” பதினோரு நாள். ஷ்யாமளா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மகளைக் கட்டிப் படுத்திருந்தாள். பயத்தைவிடப் பரிதாபம்தான் அவளைக் கொன்றது. எழுந்துபோய் ஒரு பிடி சோறு வைத்துவிடலாமா என்று கை துடிக்கும். வைக்கவில்லை. ஒரு பேர் சொல்லி அந்தத் தட்டை வைத்தால் மறுபடியும் யாருடைய பங்கு போகுமோ என்ற பயம். பன்னிரண்டாம் நாள் அழுகை நின்றது. பிள்ளையும் தேறியது. கன்னத்தில் சதை போட்டது.

ஊரில் இருந்த அப்பா சந்தானத்திடம் மட்டும் இதையெல்லாம் சொல்லவில்லை. எழுபது வயது, தனியாக இருக்கிறார், பிபி வேறு. நாம் யார்தான் ஊருக்கு உண்மையைச் சொல்கிறோம்?

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை காலிங் கார்டைச் சுரண்டி அப்பாவுக்கு போன் போட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

“என்னப்பா, உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கொஞ்ச நாளா சாப்பாடுதான் வாய்க்கு வழங்கல. சாக்கை மெல்ற மாதிரி இருக்கு.”

ஷ்யாமளா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“ஆனா ஒண்ணு, பேத்திய நல்லா வளர்த்திருக்க. ஏப்ரல்ல ஒரு நாள் நான் போன் பண்ணேன், நீ வேலைக்குப் போயிருந்த. அவதான் எடுத்தா. என்ன அழகா தமிழ் பேசுறா! ‘தாத்தா, பசிக்குது, அம்மா சோறு போடமாட்டேங்குறா’ன்னு ஒரே அழுகை. நான் சொன்னேன், உங்கம்மா கிடக்கா, நீ இங்க வந்துடு கண்மணி, தாத்தா உனக்குச் சோறு போடுறேன்னு.”

“அப்பா... அந்தப் பேரைச் சொல்லாதீங்கப்பா. அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க, உடனே வீட்டை விட்டு வெளிய...”

“இரும்மா, ஒரு நிமிஷம். அவளுக்கு ரசம் ஊத்திட்டு வந்துடுறேன்.”

ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம். செருப்புத் தேயும் சத்தம். தட்டில் கரண்டி படும் சத்தம். “அப்பா! அப்பா!” என்று ஷ்யாமளா தொண்டை கிழியக் கத்தினாள். அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தக் குரல். ரிசீவருக்கு ரொம்பப் பக்கத்தில், தெளிவாக, அவளே மைக்கில் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள்.

“பயப்படாதே தாத்தா. மூச்சைப் பிடிச்சுக்கோ...”

அடுத்து ‘இப்ப விடு’ என்று சொல்ல வேண்டும். ஷ்யாமளா அதற்காகக் காத்திருந்தாள். கார்டில் இருபத்திரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது. அது தீர்ந்து லைன் அறுந்துபோகும் வரைக்கும் காத்திருந்தாள்.