அம்மி விற்பனைக்கு இல்லை

பக்கிரிசாமி: முழுசாப் படிச்சு முடிச்சிர்றேன், அதுக்கப்பறம் நீ...

தனலெட்சுமி: முழுசா என்னத்தக் கேக்கறது? வெளக்கமாத்துக்கு எதுக்குங்க "மங்கையர் குல மாணிக்கங்களே"?

பக்கிரிசாமி: அது அழைப்பு, தனம். விளம்பரம்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும்...

தனலெட்சுமி: காலையில குனிஞ்சு பெருக்கறவள இந்த பிரிக்பீல்ட்ஸ்ல யாரு மாணிக்கம்னு கூப்பிட்டா? நீங்க கூப்பிட்டிருக்கீங்களா?

பக்கிரிசாமி: குறுக்கப் பேசாத. "சகல சௌபாக்கியங்களும் பொருந்திய இத்துடைப்பமானது..."

தனலெட்சுமி: சௌபாக்கியம் எங்க ஒட்டிக்கிட்டிருக்கு? பிடியிலயா, நுனியிலயா?

பக்கிரிசாமி: சிரி. நல்லா சிரி. ரெங்கசாமி ஐயா பத்திரிகையில இதவிடப் பெரிசு பெரிசா வருது.

தனலெட்சுமி: விளம்பர வேலைக்கு அப்படி எழுதறவன் வேணாம்னுதானே அவரு உங்கள ஒரு மாசம் பழகச் சொன்னாரு? மொத வாரத்துக்கு என்ன சொன்னாரு, சொல்லுங்க.

பக்கிரிசாமி: ...விக்கவே கூடாதுன்னாரு. வீட்டுச் சாமான் தினம் ஒண்ண எடுத்து எதுக்க வச்சிக்கிட்டு, அதப்பத்தி உண்மைய மட்டும் எழுதணும்னாரு.

தனலெட்சுமி: அப்ப இது?

பக்கிரிசாமி: இது ஆசையில எழுதினது.

தனலெட்சுமி: ஆசைய மூட்டை கட்டி வைங்க. ஸ்டோர் வேலை போச்சு. மாசக் கடைசியில இந்தக் கோட்டர்ஸ் வீட்டக் காலி பண்ணணும். அதுக்குள்ள பத்திரிகை வேலை வந்தா இங்க இருக்கலாம். இல்லன்னா கப்பல். நாந்தான் சொல்லணுமா?

பக்கிரிசாமி: கப்பல்னா என்ன, சொந்த ஊருதானே?

தனலெட்சுமி: உங்களுக்குச் சொந்த ஊரு. நீங்க திரும்பிப் போவீங்க. நான் இந்த நாட்டுல, ரவாங்ல பொறந்தவ. நாகப்பட்டினத்த நான் படத்துலகூடப் பாத்ததில்ல... எழுதுங்க. வெளக்கமாறு. உண்மை.

பக்கிரிசாமி: ...தென்னங்குச்சி.

தனலெட்சுமி: ம்.

பக்கிரிசாமி: கட்டு தளர்ந்து போச்சு.

தனலெட்சுமி: அதான். இப்பத்தான் வெளக்கமாறே கண்ணுக்குத் தெரியுது.

*

பக்கிரிசாமி: அம்மி. கருங்கல்லு. தூக்க ரெண்டாளு வேணும். குழவி கைக்கு வழுக்காது.

தனலெட்சுமி: கொத்தி ரொம்ப நாளாச்சு. தேங்கா மையா அரைபடாது. அதையும் போடுங்க.

பக்கிரிசாமி: அதைப் போட்டா எவ வாங்குவா?

தனலெட்சுமி: விக்கக் கூடாத வாரந்தானே இது?

பக்கிரிசாமி: ...ஆமா.

தனலெட்சுமி: அப்பறம் எவ வாங்கினா என்ன, வாங்காட்டி என்ன? போடுங்க.

பக்கிரிசாமி: "கொத்தி ரொம்ப நாளாச்சு. ஒரு தடவ கொத்தினா பழையபடி அரைக்கும்."

தனலெட்சுமி: ரெண்டாவது வரி நான் சொல்லலியே?

பக்கிரிசாமி: அது உண்மையா, இல்லியா?

தனலெட்சுமி: ...உண்மைதான்.

பக்கிரிசாமி: குறையச் சொல்லிட்டு, அது தீர வழியும் சொன்னா குறை சின்னதாயிடுது. இப்பத்தான் கவனிச்சேன்.

தனலெட்சுமி: அய்யே, மூஞ்சியப் பாரு. ஒரு அம்மிக்கா இம்புட்டுச் சந்தோசம்!

*

தனலெட்சுமி: பாசார்ல நின்னு பொம்பளைங்களையே பாத்துக்கிட்டிருந்தீங்களாமே?

பக்கிரிசாமி: யாரு சொன்னா?

தனலெட்சுமி: நல்லம்மாக்கா. அவங்க சீயக்காய்ப் பொடி விக்கற எடத்துலேர்ந்து பூராவும் பாத்தாங்களாம். ஒரு சீனத்தி கொடைய ஓங்கிட்டாளாமே?

பக்கிரிசாமி: அது பாடம்! ரெண்டாவது வாரம் வாங்கறவங்களப் போயிப் பாக்கணும். எத மொதல்ல தொடறாங்க, எத மோந்து பாக்கறாங்க, எங்க வேணாம்னு திரும்பறாங்க...

தனலெட்சுமி: அந்தச் சீனத்தி எங்க திரும்பினா?

பக்கிரிசாமி: என் பக்கந்தான்.

தனலெட்சுமி: நல்லா வேணும்... ஞாயித்துக்கெழமை ஐயாவப் பாத்தீங்களா?

பக்கிரிசாமி: பாத்தேன்.

தனலெட்சுமி: எழுதினதெல்லாம் காட்டினீங்களா?

பக்கிரிசாமி: காட்டினேன்.

தனலெட்சுமி: என்ன சொன்னாரு?

பக்கிரிசாமி: ...தேத்தண்ணி குடுத்தாரு.

தனலெட்சுமி: அது சரி. என்ன சொன்னாரு?

பக்கிரிசாமி: விடாமப் பழகுன்னாரு.

தனலெட்சுமி: அவ்வளவுதானா?

பக்கிரிசாமி: அவ்வளவுதான். அடுத்த வாரம் வெட்டற வாரம். எழுதினதுல பாதிய வெட்டணும், மிச்சத்துல பாதிய வெட்டணும். நாளையிலேர்ந்து காலையில கிள்ளான் பக்கம் போயி நாலு கடை ஏறி இறங்கிட்டு வர்றேன். கடைக்காரங்க பேச்சும் கேக்கணுமில்ல?

தனலெட்சுமி: போயிட்டு வாங்க. பசியாறிட்டுப் போங்க.

*

தனலெட்சுமி: வெளியில வராதீங்க. பக்கத்து வீட்டுக் கன்னையா அண்ணே வாசல்ல நிக்கறாரு.

பக்கிரிசாமி: எதுக்கு?

தனலெட்சுமி: அம்மிய எப்ப எடுத்துக்கலாம்னு கேக்கறாரு. கூட ஒரு ஆளு வேற, அவரு சொல்லி மேரு ஊருலேர்ந்து மாட்டுவண்டியோட வந்திருக்கான். நம்ம கட்டில அளக்கணுமாம்.

பக்கிரிசாமி: நான் யாருகிட்டயும் விக்கறேன்னு சொல்லலியே?

தனலெட்சுமி: சொல்லலியா? நமக்கும் அவங்களுக்கும் நடுச்சுவரு வெறும் பலகை. நீங்க நாடகக்காரன் மாதிரி தெனம் ஒரு சாமான எடுத்து வச்சிக்கிட்டு அதோட அருமை பெருமையெல்லாம் கத்திப் படிச்சா? இந்த வரிசையில பாதி வீடு கப்பலேறிடுச்சு. போனவங்க பூராவும் சாமான வித்துட்டுத்தான் போனாங்க. அடுத்தது நாமதான்னு முடிவே பண்ணிட்டாங்க.

பக்கிரிசாமி: கன்னையா எந்த வரியக் கேட்டு வந்தாராம்?

தனலெட்சுமி: என்னது?

பக்கிரிசாமி: அம்மியப்பத்தி நாலு வரி படிச்சேன். அதுல எது பிடிச்சுதுன்னு கேளேன்.

தனலெட்சுமி: ஏங்க... நாளைக்கு எதுல அரைக்கறதுன்னு நான் நிக்கறேன்...

பக்கிரிசாமி: ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டு வா, தனம்!

தனலெட்சுமி: கேட்டாச்சு. "ஒரு தடவ கொத்தினா பழையபடி அரைக்கும்." அவரு சம்சாரம் அதச் சொல்லித்தான் போ போன்னு தொரத்திவிட்டுதாம்.

பக்கிரிசாமி: பாத்தியா? பாத்தியா!

தனலெட்சுமி: பாத்தேன். எங்க சாமான் விக்கறதுக்கு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டு வர்றேன்.

பக்கிரிசாமி: ...குடுத்துட்டாத்தான் என்ன?

தனலெட்சுமி: எத?

பக்கிரிசாமி: அம்மிய. கேட்டு வந்திருக்காங்க...

தனலெட்சுமி: எதுக்குக் குடுக்கணும்?

பக்கிரிசாமி: சும்மா சொன்னேன். போ, அனுப்பிட்டு வா.

*

பக்கிரிசாமி: கேக்கறியா?

தனலெட்சுமி: காது சும்மாதான இருக்கு. கைதான் வேலையா இருக்கு. படிங்க.

பக்கிரிசாமி: அதான் இந்த வாரப் பாடம். வேலையா இருக்கறவங்ககிட்டத்தான் படிக்கணும். சும்மா உக்காந்திருக்கறவன் எதையும் கேப்பான்.

தனலெட்சுமி: வெங்காயம் கண்ணக் கரிக்குது, சீக்கிரம்.

பக்கிரிசாமி: "சோப்பு எண்ணெய எடுக்கும், முடியையும் எடுக்கும். நல்லம்மாள் இடிச்ச சீயக்காய் எண்ணெய மட்டும் எடுக்கும். முடி உங்க தலையிலயே இருக்கட்டும்."

தனலெட்சுமி: இருங்க, கண்ணத் தொடச்சிக்கறேன்.

பக்கிரிசாமி: என்ன, நல்லால்லியா?

தனலெட்சுமி: இன்னொரு தடவ படிங்க.

பக்கிரிசாமி: எங்க தப்பு?

தனலெட்சுமி: தப்பு ஒண்ணுமில்ல. படிங்க, மனசுல வச்சிக்கறேன்.

பக்கிரிசாமி: மனசுல வச்சு என்ன பண்ணப் போற?

தனலெட்சுமி: புருசன் எழுதினத மனசுல வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? அந்த "உங்க தலையிலயே இருக்கட்டும்"... அத எழுதறப்ப சிரிச்சீங்களா?

பக்கிரிசாமி: லேசா.

தனலெட்சுமி: தெரியுது.

*

தனலெட்சுமி: இன்னியோட பழகற மாசம் முடியுது. வீட்டுல எழுதாத சாமானே இல்ல. பல்லு விளக்கற கரிக்குக்கூட எழுதிட்டீங்க. இன்னிக்கு என்ன?

பக்கிரிசாமி: இன்னிக்கு... வீட்டுச் சாமான் இல்ல.

தனலெட்சுமி: பின்ன?

பக்கிரிசாமி: கப்பல்.

தனலெட்சுமி: ...படிங்க.

பக்கிரிசாமி: உன் வேலையப் பாத்துக்கிட்டே கேளு.

தனலெட்சுமி: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். படிங்க.

பக்கிரிசாமி: "சீட்டுக்குக் காசு வேணாம். சோறு போடுவாங்க. மூணாவது நாளு தலைசுத்தல் நின்னுடும். எறங்கற எடத்துல எங்கக்கா வண்டியோட நிக்கும். வீடு சின்னது, கெணத்துத் தண்ணி நல்ல தண்ணி."

தனலெட்சுமி: முடிஞ்சுதா?

பக்கிரிசாமி: முடிஞ்சுது. நேத்து ராத்திரி இதப்போல மூணு மடங்கு இருந்துச்சு. வெட்டிட்டேன்.

தனலெட்சுமி: யாரு வாங்கறதுக்கு?

பக்கிரிசாமி: ரவாங்ல பொறந்த ஒருத்தி.

தனலெட்சுமி: அவளுக்கு என்ன வேணும்னு போயிப் பாத்தீங்களா? பாசார்ல ஊரு பொம்பளைங்களையெல்லாம் பாத்தீங்களே.

பக்கிரிசாமி: பாக்கல. பயமா இருந்துச்சு.

தனலெட்சுமி: ஐயா எப்ப வேலை இல்லன்னு சொன்னாரு?

பக்கிரிசாமி: ரெண்டாவது வாரமே. தேத்தண்ணி குடுத்தாரே, அன்னிக்கு. விளம்பரம் குடுத்த கடையெல்லாம் மூடிட்டானாம், பத்திரிகைக்குத் தாள் வாங்கவே வழியில்லியாம். எழுத்து நல்லா வருதுப்பான்னாரு. அது பொய்யில்ல, தனம். நல்லா வருதுன்னு அவரே சொன்னாரு.

தனலெட்சுமி: அதுக்கப்பறமும் தெனம் எழுதினீங்களே?

பக்கிரிசாமி: எழுதலன்னா காலையில எந்திரிச்சு என்ன பண்றது?

தனலெட்சுமி: கிள்ளான்ல கடை ஏறி இறங்கினது?

பக்கிரிசாமி: ஒரு நாளு போனேன். மத்த நாளெல்லாம் இலவசக் கப்பலுக்குப் பேரு எழுதற லேபர் ஆபீசு வரிசை. நம்ம ரெண்டு பேரு பேரையும் குடுத்திருக்கேன். வியாழக்கெழமை போர்ட் சுவெட்டன்ஹாம்ல கப்பல் ஏறணும். வாயால சொல்ல வரல. எழுதினா ஒருவேள...

தனலெட்சுமி: நல்லாத்தான் எழுதியிருக்கீங்க.

பக்கிரிசாமி: நெசமா?

தனலெட்சுமி: ஒரு சொல்லு கூடவும் இல்ல, ஒரு சொல்லு கொறையவும் இல்ல. தலைசுத்தல மறைக்காமப் போட்டீங்க பாருங்க, அது நல்லாருக்கு.

பக்கிரிசாமி: கோவம் இல்லியே?

தனலெட்சுமி: கோவப்பட்டது போன வாரம். கன்னையா அண்ணே உங்கள அந்த வரிசையில பாத்துட்டு வந்து சொன்னாரே, அன்னிக்கு.

பக்கிரிசாமி: தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலியே?

தனலெட்சுமி: எனக்கும் வேலை இருந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் பாசாருக்குப் போயிருவேன். நல்லம்மாக்கா கூடைக்குப் பக்கத்துல நின்னு உங்க சீயக்காய் மூணு வரிய அப்படியே சொல்லுவேன். பசியாற நேரத்துக்குள்ள கூடை காலி. அரப்புக்கும் ஒண்ணு எழுதி வாங்கிட்டு வான்னு அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்க வீட்டுப் பின்பக்க ரூம நமக்கு ஒழிச்சும் வச்சிட்டாங்க.

பக்கிரிசாமி: ஏன் சொல்லல?

தனலெட்சுமி: நீங்க ஏன் சொல்லல?

பக்கிரிசாமி: ...இப்ப என்ன பண்றது? பேரு குடுத்தாச்சே, தனம். ரெண்டு பேரும் வர்றதாத்தானே எழுதியிருக்கான்.

தனலெட்சுமி: போன வெள்ளிக்கெழமையே அங்க போயி என் பேர அடிச்சிட்டு வந்துட்டேங்க. உங்க பேரு மட்டும் இன்னும் அந்தப் பட்டியல்லதான் இருக்கு... நாளைக்கு ஆபீசு தெறக்கறப்ப அதையும் அடிக்க நாம ரெண்டு பேருமாப் போறமா, இல்ல நான் உங்க வேட்டி சட்டையத் தனியா மடிச்சு வைக்கட்டா?