ஏஞ்சலோ மாடியில் கூப்பிட்ட குரல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டாம், காற்று வரட்டும். நடுவில் மட்டும் யாரும் எழுந்து போகாதீர்கள்.

ராத்திரி பன்னிரண்டு தாண்டியிருக்கும். நல்ல மழை. மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டில்... நம்புவீர்களா, ஓர் ஆள் இல்லை. எந்நேரமும் தோளோடு தோள் இடிக்கிற ரோடு அது. அன்றைக்கு நாய்கூட இல்லை. அந்த ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், இரும்பு ஏணிக்கு அடியில், ஒருத்தி தனியாக உட்கார்ந்து டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பெயர் கிளாரா. என் சிநேகிதன் மரியஅந்தோணிக்குச் சொந்த அத்தை.

அந்த ஏணிக்கு மேலே இருந்ததுதான் ஏஞ்சலோ மாடி. கீழே தோல் பை தைக்கிற பட்டறை, மேலே தகரக் கூரை போட்ட ஒரே அறை. கிளாராவின் புருஷன் ஏஞ்சலோ, கோயில் பாடகர்கள் பாடிப் பழக இடம் வேண்டுமென்று அதை வாடகைக்குப் பிடித்தார். கோயில் என்றால் இவர்களுக்கு மாதா கோயில். பிறகு கல்யாண பாண்டு வாசிக்கிறவர்கள் வந்தார்கள். சாவு மேளம் அடிக்கிறவர்கள் வந்தார்கள். தமிழும் இந்தியும் கலந்து ராப் பாடுகிற பையன்கள் வந்தார்கள். பெரிய ஹால்களில் வாட்ச்மேனே விரட்டிவிடுகிற ஆட்கள்தான் எல்லோரும். ஏஞ்சலோ யாரையும் விரட்டவில்லை. சனிக்கிழமைதோறும் கச்சேரி என்று ஆகிவிட்டது.

சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார். கீழேயிருந்து தோல் வாடையும், தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடையும் ஏறி வரும். ஒரு பாட்டு முடிவதற்குள் தலை கிறுகிறுக்கும். கிறங்கியது பாட்டுக்கா சொல்யூஷனுக்கா என்று யாருக்கும் தெரியாது.

அங்கே ஒரே ஒரு சட்டம். பாட்டு நடக்கும்போது யாரும் ஏணியில் ஏறக்கூடாது, அது கிரீச்சென்று கத்தும். பாட்டு முடிந்ததும் ஏஞ்சலோ மைக்கிலேயே கூப்பிடுவார். "கிளாரா... டீ." கூட்டம் சிரிக்கும். கிளாரா கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். அவர்கள் குடித்தனத்தில் பாதி அந்த மைக்கில்தான் நடந்தது.

அன்றைக்குக் கச்சேரி முடிந்து எல்லோரும் போயாகிவிட்டது. மேலே அவர் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று முனகியது.

"கிளாரா..."

டீ இல்லை. பெயர் மட்டும். குரலும் அவர் குரல் மாதிரி இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. கிளாராவுக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

கிளாரா மாதிரி திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும். நடு ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'என்ன' என்று கேட்கக்கூடாது. பேயால் இரண்டு தரம்தான் கூப்பிட முடியும். மனுஷன் என்றால் மூன்றாம் தரமும் கூப்பிடுவான். அதற்குப் பிறகு வாயைத் திற. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம்தான் கிளாராவுடையது. ஆனாலும் ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் இந்தப் பயம்.

"கிளாரா..."

இரண்டாம் தரம். கையில் பிடித்த கிளாஸோடு அப்படியே காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள். மிச்ச கிளாஸையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மேலே போனாள். ஏஞ்சலோ மைக்கைப் பிடித்தபடி தரையில் கிடந்தார். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் 'கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால்' என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் தரம் கூப்பிட அவருக்கு மூச்சு இல்லை. அவ்வளவுதான் விஷயம். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

மாடியைப் பூட்டிவிட்டார்கள். ஸ்பீக்கர், மைக் எல்லாம் வந்த விலைக்குப் போயிற்று. ஏணியடியில் இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு, அதில் கிளாரா தனியாக இருந்தாள். முப்பதாம் நாள் பூசை முடிந்த ராத்திரி... மேலே அதே முனகல். கிளாரா... கிளாரா... இரண்டு தரம். அதோடு நின்றது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். சரி, அது கண்ணுக்கு. விற்றுப்போன ஸ்பீக்கர் காதில் முனகினால் அதற்கு என்ன பழமொழி இருக்கிறது, சொல்லுங்கள்.

முதலில் பயந்தாள். போகப் போகக் காத்திருக்க ஆரம்பித்தாள். மூன்றாம் தரம் ஒன்று கேட்டுவிட்டால் போதும், அது அவர்தான், மேலே ஓடிவிடலாம். தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. மூன்றாவது மட்டும் வரவேயில்லை.

அப்போதுதான் அந்தச் சந்து முழுவதையும் இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. எல்லோருக்கும் தூரத்தில் மான்குர்த்தில் மாற்று வீடு. பட்டறைக்காரர் போனார், பக்கத்து வீடுகள் காலியாயின. கரண்ட்டையும் பிடுங்கிவிட்டார்கள். கிளாரா மட்டும் நகரவில்லை. கடைசி நாள் ராத்திரி மரியஅந்தோணி டெம்போ கொண்டுவந்தான்.

"அத்த, காலையில மெஷின் வந்துரும். கெளம்புங்க."

"அவரு கூப்பிட்டா இங்க யாருல இருப்பா?"

"மாமா இல்ல அத்த. மேல எலிதான் கெடக்கு."

"எலி எம் பேரச் சொல்லுமால?"

"சரி, எம் போன மேல ரெக்கார்டிங்ல போட்டுட்டு வாரேன். அதுல ஒண்ணும் கேக்கலன்னா பேசாம வருவீங்கள்லா?" என்றான். அவள் தலையாட்டினாள். மாடிப் பூட்டைத் திறந்து போனை மேலே வைத்துவிட்டு, பீரோவை ஏற்ற ஆள் பிடிக்க ரோட்டுக்குப் போனான்.

கிளாரா இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மழை வலுத்தது. மேலே... 'ம்ம்ம்'.

"கிளாரா..."

இந்தத் தடவை அவள் எண்ணவில்லை. பேயானால் என்ன, நாளைக்கு இந்த இடமே இல்லை. "இந்தா வாரேங்க," என்றாள். சொல்லிக்கொண்டே இருட்டில் அந்த ஈர ஏணியில் ஓடினாள்.

மேலே யாரும் இல்லை. முட்டை அட்டைகள் ஊறித் தொங்கின. ஒயர் சூடான வாடை மட்டும் இருந்தது, கரண்ட் இல்லாத அறையில். "வந்துட்டேங்க. பிந்திட்டேன், வந்துட்டேன். ஒரு வார்த்த பேசுங்க," என்று இருட்டிடம் கெஞ்சினாள். மழைதான் கேட்டது. காத்திருந்த வரைக்கும் இரண்டு தரமாவது கூப்பிட்டார். பதில் சொன்னதும் அதுவும் போயிற்று. அவர் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லையாம். விடிந்த பிறகு மரியஅந்தோணி கைத்தாங்கலாகத்தான் இறக்கிக் கொண்டுவந்தான்.

மான்குர்த் போயும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தேறட்டும் என்று ஒரு நாள் அவன் அந்த ரெக்கார்டிங்கைப் போட்டான். மழைச் சத்தம். எலி ஓடுகிற சத்தம். கூப்பிட்ட குரல் அதில் இல்லவே இல்லை. 'பாத்தீங்களா அத்த' என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரெக்கார்டிங்கில், கீழேயிருந்து கிளாராவின் குரல், "இந்தா வாரேங்க." ஏணி கிரீச்சென்றது.

பிறகு... போனுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், யாரோ மூச்சு விட்டார்கள். மைக் இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், ஏஞ்சலோவின் சொந்தக் குரல்.

"அவசரமில்ல புள்ள... படி வழுக்கும். மெதுவா வா. நா இங்கனதான் இருப்பேன்."

கிளாரா எழுந்து செருப்பைத் தேடினாள். அவளை எங்கே கூட்டிப் போவது என்று மரியஅந்தோணிக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் அப்போது ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.